ஒரு சட்டி ஊத்தை

கொட்டாஞ்சேனையில் எவ்லினிடம் இடியப்பம் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது இடியப்பத்தை அல்ல, தட்டுகளை. பின்வாசலில் நின்றால் பைப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் தட்டுகள் கண்ணில் படும். ஒரு துளையில் மா ஒட்டியிருந்தாலும் அந்தத் தட்டு திரும்பவும் கொதிதண்ணீருக்குப் போகும். தட்டுத் தேய்க்கும் தும்பைக்கூட அவள் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். எவ்லின் அக்காவின் கை சுத்தம் என்று அந்த ஒழுங்கையில் சொல்லாத ஆள் இல்லை. அவளைவிட ருசியாகச் சொதி வைக்கிறவர்கள் இரண்டு வீடு தள்ளியே இருந்தார்கள். ஆனாலும் பின்னேரமானால் வரிசை நின்றது இவள் வீட்டுப் பின்வாசலில்தான்.

அப்படிப்பட்ட வீட்டின் பின்வளவில் பச்சைப் பாயாசம் ஊற்றி வைத்தது போல ஒரு மீன்தொட்டி கிடந்தது. எவ்லினின் புருஷன் பிறெடி அதை 'பொண்ட்' என்பார். எவ்லின் 'குட்டை' என்பாள்.

பிறெடி துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டியவர். கப்பல் அடியில் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிய மனிதர், வீட்டிலும் அதே தொண்டையோடுதான் கதைப்பார். உப்பு குறைவு என்று அவர் சொன்னால் முன்வீட்டுக்காரர்கள் உப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஓய்வு பெற்று வந்த அன்றோடு அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. வாயைக் கழற்றி வாயிற்காவலனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் போல முன்விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு ஓம், இல்ல. அவ்வளவுதான். டொக்டரிடம் கொண்டுபோனாள். பிரஷர் இல்லை, சீனி இல்லை, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். மகள் ரொஷேல் டுபாயில் இருந்து போன் எடுத்து, "டடி, ஏதாவது கதைங்களேன்" என்றபோது, "நீ கதை, நான் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒருநாள் எங்கேயோ நடந்துபோய், பொலித்தீன் பையில் விரல் நீளத்துக் கொய் என்ற அலங்கார மீன்கள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தார். பின்வளவில் உடுப்புத் தோய்க்கும் பழைய சீமெந்துத் தொட்டி சும்மா கிடந்தது. அதில் விட்டார். மீன் வளர்ந்தது, தொட்டியை இடித்துக் கட்டிலளவுக்குப் பெரிதாக்கினார். மீனோடு கதைக்கத் தொடங்கினார். மீன் பதில் சொல்லாததால் எவ்லினிடம் வந்து மீனைப் பற்றிக் கதைத்தார். எல்லாவற்றிலும் பெரியது, சிவப்பும் வெள்ளையுமாக முழங்கை நீளத்துக்கு இருந்தது, அதற்கு டெரிக் என்று பெயர். கப்பலில் பாரம் தூக்கும் மரத்தைத் துறைமுகத்தில் அப்படித்தான் சொல்வார்களாம்.

"இந்த மனுசனுக்கு வாய் ஓயுதில்ல" என்று எவ்லின் இடியப்பம் வாங்க வருகிறவர்களிடம் குறை சொல்வாள். உள்ளுக்குள் அவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் டெங்கு பார்க்கிறவர்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் கண்ணாடி போட்ட இளம் பிள்ளை, நல்ல மரியாதையானவர். பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்த்துவிட்டுப் பின்வளவுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் பேனையால் தலையைச் சொறிந்தார்.

"யட பேன்னே நே, அங்கிள்" என்றார். அடி தெரியவில்லையாம்.

மீன் இருக்கிற தண்ணீரில் நுளம்பு முட்டை மிஞ்சாது என்று பிறெடி சிங்களத்தில் அரை மணி நேரம் விளக்கினார். பிள்ளை பொறுமையாகக் கேட்டது. அடுத்த மாதம் திரும்பி வருவேன், அடி தெரிந்தால் இருக்கட்டும், தெரியாவிட்டால் மண் போட்டு மூடத்தான் வேணும் என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றிரவுச் சாப்பாட்டில் பிறெடி ஒரு வார்த்தை பேசவில்லை. போன சத்தம் திரும்பி வர எத்தனை மாதம் எடுத்தது என்று எவ்லினுக்குத்தான் தெரியும். குட்டை போனால் போகட்டும், மனுசன் திரும்பவும் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டால்?

"அதுக்கு ஒரு பில்டர் போட்டா என்ன?" என்றாள், ஏதோ தெரிந்தவள் போல.

கடையில் விற்கிற பில்டரின் விலையைக் கேட்டுவிட்டு பிறெடி படியிறங்கி வந்துவிட்டார். மீனை விற்றாலும் அந்தச் சாமானை வாங்க முடியாது. வெள்ளவத்தையில் நமசிவாயம் என்று ஒரு சிநேகிதர் இருந்தார். துறைமுகத்தில் சாமான் எண்ணும் கிளார்க்காக இருந்தவர், வீட்டில் கொய் வளர்ப்பவர். அவருக்குப் போன் போட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பதுதான் பிறெடியின் வழக்கம் என்பதால் எவ்லினும் கேட்டாள்.

"உதை என்னத்துக்குக் காசு குடுத்து வாங்கிறியள்?" என்றார் நமசிவாயம். "ஒரு பரல் எடுங்கோ. தண்ணியை மேலால ஏத்தி விடுங்கோ. உள்ளுக்க துவாரம் துவாரமா என்னத்தையாவது போட்டு அதுக்குள்ளால வடிய விட்டால் சரி."

பிறெடி நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரல் ஒன்றைத் தோளில் சுமந்து கொண்டு வந்து சேர்த்தார். பழைய சாமான் கடையில் சின்ன பம்ப் ஒன்று கிடைத்தது. பீவீசி பைப் வெட்டினார், ஆணியைச் சுட்டு மூடியில் துளை போட்டார். பரலின் ஒரு பக்கத்தை ஜன்னல் மாதிரி அறுத்தெடுத்தார்.

"இது என்னத்துக்கு ஓட்டை?" என்று எவ்லின் கேட்டாள்.

"வேலை நடக்கிறத பாக்க வேணாமா? கண்ணால பாக்காம நான் ஒரு சாமானும் இறக்கினதில்ல."

உள்ளே முதலில் தென்னந்தும்பைத் திணித்தார். பம்பைப் போட்டதும் தண்ணீர் மேலேறி, தும்புக்குள் வடிந்து, கீழ்ப் பைப்பால் பொண்டுக்குள் கொட்டியது. பிறெடி கைதட்டினார். மறுநாள் காலையில் பொண்ட் முழுக்கப் பிளேன்டீ. தும்பை ஊறவைத்துச் சாயம் போகவிட வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். டெரிக் தேத்தண்ணீருக்குள் இருந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"சீனி போடலயா?" என்று கேட்டுவிட்டு எவ்லின் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த யோசனை அவருக்கு அடுப்படியில் பிடிபட்டது. எவ்லின் இடியப்ப உரலில் மாவை நிரப்பி, இரண்டு கையாலும் அமுக்கித் தட்டுத் தட்டாகப் பிழிந்துகொண்டிருந்தாள். தோள்பட்டை நோவு அவளுக்கு இந்த வேலையால் வந்ததுதான். மழைக்கு ஒதுங்கி வந்த பிறெடி, அடுக்கிய தட்டுகளின் துளைகளுக்குள்ளால் ஆவி மேலே போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்லின், ஆவி கீழ இருந்து மேல போகுது."

"பின்ன பக்கத்து வீட்டுக்கா போகும்?"

"தண்ணி மேல இருந்து கீழ வந்தா?"

அவள் அடுத்த தட்டைப் பிழிந்தாள், மா ஆறிவிடும். மாலையில் தட்டு அடுக்கும்போது எண்ணிக்கை குறைந்தது. வெடித்த பழைய தட்டுகள் ஒரு சாக்கில் கிடந்தன, அவை போனால் பரவாயில்லை. நல்ல தட்டுகளிலும் ஒரு அடுக்கைக் காணோம். பின்வளவுக்கு ஓடினாள். பரலுக்குள் வரிசைக்கு நான்கு தட்டாக அடுக்கி, இடையிடையே உடைத்த செங்கல்லைப் பரப்பி, அடியில் பழைய மெத்தைப் பஞ்சைப் போட்டு, பிறெடி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ட தட்டு."

"உன்ட இடியப்பச் சட்டியத்தான் தலைகீழா வெச்சிருக்கன். பாரு, எப்பிடி இறங்குது."

"நாளைக்கு ஓடருக்கு நான் எதில பிழியிறது, உங்கட முதுகிலயா?"

"முதுகில துளை இல்லையே, எவ்லின்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டுத் தட்டாகத் தண்ணீர் சொட்டி இறங்கிய சத்தம் மழை மாதிரி இருந்தது. புதிய தட்டுகள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பேச்சு ஒரு கிழமை நீடித்தது, பிறகு போய்விட்டது.

தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் மீனின் முதுகு தெரிந்தது, பிறகு வால். பிறெடியின் வாய் மூடவில்லை. பம்ப் எப்படி இழுக்கிறது, மீன் எப்படி மூச்சு விடுகிறது, நமசிவாயம் என்ன சொன்னார் என்று அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கதைத்தார். உரல் பிழிகிறவளுக்கு இவ்வளவையும் காதில் வாங்க நேரமில்லை. பாதியை விட்டுவிடுவாள். தட்டுகளில் பிஸ்கட் நிறத்தில் பசை பிடிக்கும், அதில் நல்ல கிருமி இருக்கும், தண்ணீரைச் சுத்தமாக்குவது அந்தக் கிருமிதான், அதைத் தொடவே கூடாது என்று அவர் ஒருநாள் நீட்டி முழக்கிச் சொன்னார். அவ்வளவிலும் எவ்லினின் காதில் விழுந்த சொல் ஒன்றுதான். கிருமி.

அந்தச் சொல் அவளை உறங்கவிடவில்லை. பரல் ஜன்னலால் பார்த்தால் அவளுடைய தட்டுகள் ஊத்தை பிடித்து, பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று தொங்கின. போதாததற்கு அடுத்த ஒழுங்கை துஷ்யந்தி இடியப்பம் வாங்க வந்த இடத்தில் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பரலுக்குள்ள இருக்கிறது இடியப்பத் தட்டா?"

"பழைய தட்டு" என்றாள் எவ்லின் அவசரமாக.

"ஆ" என்றாள் துஷ்யந்தி. அந்த 'ஆ' எவ்லினுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பரிசோதகர் வரும் நாளும் கிட்டியிருந்தது. இந்த ஊத்தையைப் பார்த்தால் குட்டையை மட்டுமா, இடியப்பத்தையும் சேர்த்து மூடச் சொல்லுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பிறெடி கொச்சிக்கடைக் கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் எவ்லின் பம்பை நிறுத்தினாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். விம் போட்டுத் தேய்த்தாள், கொதிதண்ணீரில் போட்டாள், வெள்ளை உடுப்புக்குப் போடும் குளோரினில் ஒரு மூடி ஊற்றிக் கழுவினாள். செங்கல் துண்டுகளையும் விடவில்லை, மெத்தைப் பஞ்சையும் விடவில்லை. நல்ல வெயில் எறித்தது, எல்லாம் காய்ந்தது. இருந்தபடியே அடுக்கிப் பம்பைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு மனம் குளிர்ந்தது. பரல் இப்போதுதான் தன் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பிறெடி திரும்பி வரும்போது மழை கொட்டியது, அவர் பின்வளவுக்குப் போகவில்லை.

மறுநாள் மீன்கள் தீன் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. டெரிக் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. பிறெடி பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு இன்னொரு பரலில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை ஊற்றினார். ஆள் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டு வந்தார். நமசிவாயத்துக்குப் போன் போட்டபோது அவருடைய குரல் அடுப்படிக்கே சரியாகக் கேட்கவில்லை. மற்றவருடைய குரல் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

"ஆரும் தட்டுகளைக் கழுவினவையோ?"

"யார் கழுவப் போறா? எவ்லின் அந்தப் பக்கமே வாறதில்ல."

எவ்லினின் கை உரலில் நின்றது.

"அப்ப அந்த நல்ல கிருமி என்னவோ செத்துப் போச்சுது பிறெடி. அது இல்லாட்டி மீன்ட கழிவே மீனுக்கு நஞ்சு. புதுசாப் பிடிக்க ஒரு மாசம் செல்லும், அதுவரைக்கும் மீன் தாங்காது. ஒண்டு செய்யுங்கோ. இஞ்ச வந்து என்ட பில்டரில இருக்கிற ஊத்தையைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்ப் போடுங்கோ. தயிருக்கு உறை குத்திற மாதிரித்தான். கெதியாப் பிடிக்கும்."

"பாப்பம்" என்றார் பிறெடி. போனை வைத்துவிட்டு முன்விறாந்தைக்குப் போனார். கதிரையில் உட்கார்ந்தார். எவ்லின் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வெள்ளவத்தைக்குப் போயிட்டு வாங்களேன்."

"என்னத்துக்கு? அந்தப் பிள்ளை வந்து மூடச் சொல்லத்தான் போகுது. மூடிட்டாப் போச்சு."

நான்தான் கழுவினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவர் திட்டினால் தாங்கிக்கொள்வாள், இப்போது இருக்கிற இருப்பில் திட்டக்கூட மாட்டார் என்பதுதான் பயம். ஏலக்காய் வாங்கப் புறக்கோட்டைக்குப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். ஊத்தை கொண்டுவர ஒரு பாத்திரம் தேடினால் அந்த வீட்டில் ஊத்தைக்குத் தோதான பாத்திரம் ஒன்றுமே இல்லை. எல்லாம் முகம் தெரியப் பளபளத்தன. கடைசியில் மூடியோடு ஒரு அலுமினியச் சட்டியைச் சேலைத் துணியால் கட்டி எடுத்துக்கொண்டு, ஒழுங்கை முனையில் நின்ற அஷ்ரப்பின் த்ரீவீலரில் ஏறினாள்.

நமசிவாயத்தின் வீடு கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் இரண்டு பெரிய மாடிக்கட்டடங்களுக்கு நடுவில் அமுங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த அவர் மனைவி சிவமணி சட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"எவ்லினோ, வாங்கோ, வாங்கோ. என்ன, இடியப்பமோ கொண்டு வந்தனீங்கள்?"

"இல்லக்கா." எவ்லின் சட்டியை மாரோடு அணைத்துக்கொண்டாள். "கொஞ்சம் ஊத்தை வேணும்."

சிவமணிக்கு விளங்கவில்லை. எவ்லினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், விம், கொதிதண்ணீர், குளோரின் எல்லாம் சேர்த்து. கடைசியில், "நான்தான் கழுவினன். அவருக்குத் தெரியாது. அவர் கதைக்கிறாரில்லக்கா" என்றாள்.

சிவமணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.

"இதுக்கே அழுறீங்கள்? நான் ஒருக்கா இவற்ற பில்டரை வோஷிங் மெஷினில போட்டனான். தீபாவளி வருதெண்டு."

"எட்டு மீன்" என்றார் நமசிவாயம் உள்ளிருந்து வந்துகொண்டே. "எட்டு. நான் இன்னும் மறக்கேல்ல."

"மறக்காதேங்கோ. சட்டியை வாங்கிக்கொண்டு போய் நிரப்புங்கோ."

தேத்தண்ணீரும் முறுக்கும் வந்தன. எவ்லின் குடித்து முடிப்பதற்குள் நமசிவாயம் சட்டியைக் கொண்டுவந்தார். தொட்டித் தண்ணீரும் பஞ்சுத் துண்டுகளும் கறுப்புக் கஞ்சி மாதிரி ஏதோ ஒன்றுமாகச் சட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது. சேற்று வாடை அடித்தது.

"நல்ல சாமான்" என்றார் பெருமையாக. "மூடியை இறுக்காதேங்கோ, அதுக்கும் காத்து வேணும். காயவும் விடக்கூடாது. போன உடனே தட்டுகளில பூசி விடுங்கோ. மீனுக்கு ரெண்டு மூண்டு நாளைக்குத் தீன் போட வேண்டாம்."

"அவருக்குச் சொல்லிப்போடாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றார் நமசிவாயம். சிவமணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் இன்னொரு தடவையும் சொன்னார், சொல்லமாட்டேன் என்று.

திரும்பும் வழியில் கொள்ளுப்பிட்டியில் மழை பிடித்துக்கொண்டது. வாகனங்கள் நகரவில்லை. எவ்லின் சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு சொட்டு அவள் சேலையில் விழுந்தது. அஷ்ரப் மூக்கை உறிஞ்சினான்.

"என்னக்கா சட்டில? மீன் ஆணமா?"

"ஓம், மீன் கறிதான்."

"கொஞ்சம் பழசு போல."

"நீங்க ரோட்டப் பாத்து ஓடுங்க தம்பி."

வீட்டுக்குப் போனபோது பிறெடி கதிரையிலேயே தூங்கிப்போயிருந்தார். பின்பக்கத்தால் நுழைந்தாள். பம்பை நிறுத்திவிட்டுச் சட்டிக்குள் கையை விட்டாள். பிறந்ததிலிருந்து எதையும் சுத்தம் செய்வதற்கு மட்டுமே நீண்ட கை, முதல் தடவையாக ஒரு சுத்தமான சாமானை ஊத்தையாக்கப் போயிற்று. ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பூசினாள். துளைகளுக்குள் விரலால் தேய்த்தாள். அருவருப்பில் உடம்பு சிலிர்த்தது. சீவிக்கத்தானே போறீங்க, நல்லாச் சீவியுங்க என்று அந்தக் கிருமிகளிடம் மெல்லச் சொன்னாள். பஞ்சுத் துண்டுகளைச் செங்கல் இடுக்குகளில் செருகினாள். பம்பைப் போட்டுவிட்டுக் கையை மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகும் மணந்து பார்த்துவிட்டு நாலாம் தடவையும் கழுவினாள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் சின்ன மீன்கள் கீழே இறங்கின. அதற்குப் பிறகு ஒரு காலை, எவ்லின் மா அவித்துக்கொண்டிருக்கும்போது பின்வளவில் இருந்து கப்பலடிக்குக் கேட்கும் குரலில் ஒரு கூப்பாடு வந்தது.

"எவ்லின், டெரிக் எழும்பிட்டான். பாண் துண்டொண்டு போட்டன், ஓடி வந்து எடுத்தான்."

"கத்தாதீங்க, ஒழுங்கை முழுக்க எழும்புது" என்றாள் எவ்லின். மா அகப்பையை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகையும் கொஞ்சம் இருந்தது.

"அந்தோனியார்தான். நான் நேந்துக்கிட்டன். செவ்வாய்க்கிழமை போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்."

"கொளுத்துங்க, கொளுத்துங்க."

பரிசோதகர் சொன்னபடி வந்தார். முந்தின நாள் பெய்த மழையில் முற்றம் வழுக்கியது, பிறெடி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பொண்டின் அடியில் போட்டிருந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மீன்கள் சுற்றிச் சுற்றி வந்தன. பிள்ளை குனிந்து பார்த்தது, நல்லது என்று தலையாட்டியது. எழுதிக்கொண்டே பரல் பக்கம் திரும்பியது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. பழுப்புப் பிடித்த தட்டுகளைக் கண்டதும் முகம் சுளித்தது.

"மேவா ஹோதன்ன ஓன நேத, நோனா?" என்றது. இதையெல்லாம் கழுவ வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே ஒரு தட்டை வெளியே இழுக்கக் கையை நீட்டியது.

"அல்லன்ன எபா, மாத்தயா."

எவ்லின் மாக் கையோடு ஓடிவந்து பரலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். தொட வேண்டாம். அது குணு இல்லை, ஊத்தை இல்லை. உயிர் அது. மீனின் கழிவைத் தின்று தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பது அதுதான். விம் போடக்கூடாது, கொதிதண்ணீர் ஊற்றக்கூடாது, குளோரின் மணக்கவே கூடாது. செத்துப்போனால் திரும்பப் பிடிக்க ஒரு மாதம் செல்லும், வேறு பில்டரில் இருந்து கொண்டுவந்து தயிருக்கு உறை குத்துகிற மாதிரிக் குத்த வேண்டும். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாக மூச்சு விடாமல் சொன்னாள். பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போனது.

பிறெடி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எவ்லின் பரலடியில் அப்படியே நின்றாள்.

"எவ்லின்."

"ம்."

"குளோரின் எண்டு நான் உனக்குச் சொன்னதே இல்லையே."

அவள் கையிலிருந்த மாவை உருட்டினாள். சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை, விம், சட்டி, வெள்ளவத்தை, அஷ்ரப், மீன் ஆணம். சொல்லி முடித்தபோது அவர் கவிழ்ந்து கிடந்த வாளியில் போய் உட்கார்ந்தார், தலை குனிந்துவிட்டது. அவருடைய தோள் குலுங்கியது. எவ்லின் கிட்டப் போய்ப் பார்த்தாள். மனுசன் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமும் வந்தது. முன்வீட்டு ஜன்னல் திறந்தது.

"கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தைக்கு ஊத்தை வாங்கப் போயிருக்கா" என்றார் அந்த ஜன்னலைப் பார்த்து. "என்ட பொண்டாட்டி."

"மெல்லக் கதைங்க."

மெல்லக் கதைக்கிற ஆளா அவர்? டுபாய்க்குப் போன் போட்டு மகளுக்குச் சொன்னார். நமசிவாயத்துக்குப் போட்டு, "சொல்லவே இல்லையே நீங்க" என்று ஏசினார். பின்னேரம் இடியப்பத்துக்கு வரிசை நின்றபோது பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எவ்லின் கண்ணால் எவ்வளவோ சைகை காட்டினாள். இந்தக் கதை ஒழுங்கைக்குப் போனால் தன் கை சுத்தம் என்ற பெயர் அன்றோடு சரி. இடியப்பத் தட்டில் ஊத்தையைப் பூசிய கையிலிருந்து யார் இடியப்பம் வாங்குவார்கள்? ஆனால் அவர் கதையைத் தொடங்கிவிட்டார். முதல் ஆளிடம் ஒரு சட்டி ஊத்தையாக இருந்தது, நாலாவது ஆளிடம் ஒரு வாளியாகிவிட்டது. கொள்ளுப்பிட்டியில் த்ரீவீலர் கவிழப் பார்த்தது. பொலிஸ்காரன் மறித்துச் சட்டியைத் திறந்து மணந்து பார்த்தான். வரிசை நகரவில்லை, வாங்கியவர்களும் போகவில்லை. பிறெடி எழும்பி நின்று கையை வீசி நடித்துக்காட்டினார்.

எவ்லின் பிழிவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். துறைமுகத்தில் இவர் எப்படி இருந்திருப்பார் என்று அவள் ஒருநாளும் கண்டதில்லை. இப்படித்தான் இருந்திருப்பார் என்று பட்டது. பெயர் போனால் போகட்டும், கதைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசையில் நின்ற துஷ்யந்தி முன்னுக்கு வந்தாள். பரலைப் பார்த்தாள், எவ்லினின் கையைப் பார்த்தாள்.

"உண்மையாவாக்கா? ஒரு வாளி ஊத்தையா?"

பிறெடியின் வாய் பாதியில் நின்றது.

"வாளி இல்ல, சட்டி" என்றாள் எவ்லின். "மற்றதெல்லாம் அவர் சொல்றது சரி. உனக்கு இருபது போடவா, முப்பது போடவா?"

துஷ்யந்தி ஒரு கணம் யோசித்தாள்.

"முப்பது போடுங்கக்கா" என்றாள். "அங்கிள், அந்தப் பொலிஸ்காரன் பிறகு என்ன சொன்னான்?"